டப்பாவில் என் முகம்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் சிட்டுவும் நலம்தானே? நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, ரத்தம் கொதிக்கிறது, அவ்வளவுதான். போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "அட விடுக்கா" என்று சிரித்து மழுப்பிவிட்டு சிட்டுவின் கையில் போனைக் கொடுத்துவிடுவாய். அவள் "அத்தை" என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், நான் எதற்குக் கூப்பிட்டேன் என்பதே எனக்கு மறந்துவிடும். காகிதத்தில் உன் சிரிப்பு கேட்காது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

நேற்றுக் காலை எங்கள் ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்கு ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறவள். குழந்தைக்கு நாலு வயது. நர்ஸ் அவளுக்கு உடனே வாயாடி என்று பெயர் வைத்துவிட்டாள். என் நாற்காலி ஏன் மேலே போகிறது, விளக்கு ஏன் தன்னையே பார்க்கிறது, என் கொண்டையில் பேனா ஏன் குத்தியிருக்கிறது என்று ஓயாத கேள்வி. வாயைத் திறக்கச் சொன்னதும்தான் பேச்சு நின்றது. மேல்வரிசையில் முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் நாலு குச்சி. ஈறில் சீழ்.

"எத்தனை நாளா இப்படி?"

"கறுப்பா தெரிஞ்சுது டாக்டர், பால் பல்லுதானே, விழுந்துடும்னு சொன்னாங்க. இப்ப ரெண்டு வாரமா ஒண்ணும் கடிக்க மாட்டேங்குறா. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழறா."

"காலைல என்ன சாப்பிடறா?"

"நல்ல சத்தானதுதான் குடுக்கறேன்" என்றாள், கொஞ்சம் ரோஷத்தோடு. "டாக்டர் அக்கா டப்பா."

"எந்த டாக்டர் அக்கா?"

பையிலிருந்து டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தாள். உங்கள் நிறுவனத்தின் 'மொறுமொறு' நட்சத்திரங்கள், பாலில் போட்டுத் தின்கிற அந்த சீரியல். மேலே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண்ணின் படம். கயிறு கட்டிய கண்ணாடி. தாடையில் மச்சம். கொண்டையில் குத்திய பேனா. தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில், "ஆ காட்டு, கண்ணா! பல்லுக்கும் எலும்புக்கும் பலம் தரும் காலை உணவு!"

அந்தப் பெண் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி டப்பாவைப் பார்த்தாள்.

"ஐயோ, இது நீங்கதானே!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தத் தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரியுமா? சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்ற நிம்மதி. நான் அவளுடைய மகளின் பல்லை எடுக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.

தம்பி, அது நானா? என் கோணல் பல்லை மட்டும் நேராக்கியிருக்கிறாய். மற்றபடி அச்சு அசல். ஆமாவா இல்லையா என்று எழுது. சுற்றி வளைக்காதே.

அக்கா

---

ஜூன் 12

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி, உன் பாஷையில் 'அந்தப் பயல்', எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சிட்டு உன்னை விசாரித்தாள்.

ஆமாம், அது நீதான். சுற்றி வளைக்கவில்லை, பார். உன் பிறந்தநாளன்று டப்பாவோடு வந்து நின்று உன்னை அசத்தலாம் என்று இருந்தேன். எங்கள் ஆட்கள் முந்திக்கொண்டு உன் ஊர்க் கடைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். பல்லை நேராக்கச் சொன்னது மேலாளர். நான் எவ்வளவோ சண்டை போட்டேன். அந்தப் பல் இல்லாவிட்டால் அது என் அக்காவே இல்லை என்றேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேட்டால் நீயே சிரிப்பாய். அம்மாமார்கள் நம்புகிற மாதிரி ஒரு முகம் வேண்டும் என்று எங்கள் பிரிவில் எல்லாரிடமும் கேட்டார்கள். ஒருவன் டை கட்டிய தாத்தாவை வரைந்தான். இன்னொருவன் கண்ணாடி போட்ட கரடியை வரைந்தான். நான் ஒன்றும் யோசிக்கவே இல்லை. கை தானாக உன்னை வரைந்தது. மேலாளர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இந்தம்மா சொன்னா நான் விஷத்தையே குடிப்பேன்யா" என்றார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இப்போது அந்தப் பிரிவுக்கே என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். எல்லாம் உன் முகராசி.

அந்தக் குழந்தைக்கு நடந்தது கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அக்கா, ஒரு டப்பாவா ஒரு பல்லைக் கெடுக்கும்? அதில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, இரும்புச்சத்து இருக்கிறது, பாலில் போட்டுத்தானே சாப்பிடுகிறார்கள்? வீட்டில் ஒழுங்காகப் பல் தேய்த்துவிடாமல் இருந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்? பல் தேய்ப்பது எப்படி என்று பின்பக்கத்தில் படமே போட்டிருக்கிறோம். அதுவும் நான் வரைந்ததுதான். வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே.

உன்னைக் கேட்காமல் போட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கோபம் தணிந்ததும் எழுது.

ஒரு நல்ல சேதி: சிட்டுவுக்கு முதல் பல் விழுந்தது. தானாக ஆடி, தானாக விழுந்தது, முத்து மாதிரி இருந்தது. அதைத் தீப்பெட்டியில் போட்டு உனக்கென்று வைத்திருக்கிறாள். "அத்தைகிட்ட காட்டணும், ஒரு ஓட்டைகூட இல்ல" என்கிறாள். அவள் அம்மா கெடுபிடி அப்படி. காலையில் முட்டையும் ரொட்டியும்தான். இனிப்பு டப்பா எதையும் வீட்டு வாசப்படி ஏற விடமாட்டாள்.

உன் தம்பி

---

ஜூன் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன் மேலாளரின் பேச்சில் நின்றுவிட்டேன். விஷத்தையே குடிப்பேன் என்றாராமே. அவர் குடிக்க வேண்டாம். ஊர்க் குழந்தைகள் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் தடவை கடைசிப் பத்தியில் நின்றேன். நல்ல சேதி என்று எழுதியிருக்கிறாயே, அதில். உன் வீட்டு வாசப்படி ஏறாத டப்பாவில் என் முகத்தை ஒட்டி, அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுக்கிறாய். எழுதும்போது உன் கை கூசவில்லையா? நீ அதை மறைத்திருந்தால்கூட உனக்கு ஏதோ உறைத்திருக்கிறது என்று நினைத்திருப்பேன். உனக்கு உறைக்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிட்டுவின் பல்லுக்கு என் முத்தம். அவள் அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

வாயாடிக்கு செவ்வாய்க்கிழமை மயக்கம் கொடுத்துப் பற்களை எடுத்தேன். நாலு முன்பல், ஒரு கடைவாய்ப் பல். மயக்க மருந்து டாக்டர் முகமூடியை வைக்கும்போது "இது என்ன வாசனை, ரப்பர் பொம்மை வாசனையா?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். விழித்ததும் முதலில் நாக்கால் மேலே தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நாக்கு எங்கும் போய் முட்டவில்லை. அப்போது அவள் அழவில்லை, தம்பி. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். யாரோ அவள் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அம்மா கேட்டு வாங்கித் தரப்போகிறாள் என்பது போல.

நீ படித்தவன். அப்படியும் சொல்லவேண்டியிருக்கிறது, சொல்கிறேன். டப்பாவின் பக்கவாட்டில், எறும்பு எழுதிய மாதிரி ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். லென்ஸ் வைத்துப் படித்தேன். மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. தேன் என்று தனியாகப் போட்டிருப்பதும் பல்லுக்குச் சர்க்கரைதான். வாயில் இருக்கிற கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். அமிலம் பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும். எச்சில் ஊறி அதைக் கழுவிச் சரிசெய்ய நேரம் வேண்டும். வேளைக்கு ஒரு முறை சாப்பிட்டால் பல் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். நீ என்ன எழுதியிருக்கிறாய்? "எப்பப் பசிச்சாலும் ஒரு கைப்பிடி!" சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சின்னப் பொட்டலம் வேறு. பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை, காய்ந்த மாவு பசை மாதிரிக் கடைவாயின் பள்ளத்தில் அப்பிக்கொள்கிறது. வாயாடியின் அம்மா விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறாள். பக்கத்து வீட்டில் குழந்தையை விடும்போது அந்தப் பொட்டலத்தையும் விடுகிறாள். குழந்தை நாள் முழுக்கக் கொறிக்கிறது. நாள் முழுக்க அமிலம். இரும்புச்சத்து இருக்கிறதாம். அது பல்லுக்குக் கவசமா போட்டுவிடும்?

டி.வி. சீரியல் பெரியவர்களைத்தான் அழவைக்கும். உன் டப்பா சீரியல் நாலு வயசுக் குழந்தையை அழவைக்கிறது.

என் முகத்தை எடு. அந்தப் பொட்டலத்தை நிறுத்து. பல்லுக்குப் பலம் என்ற பொய்யை எடு. நீ எடுப்பாயா மாட்டாயா என்று காத்திருக்கப் போவதில்லை. உணவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேற்றே புகார் எழுதிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று நீ சொல்லக்கூடாது, அதனால் சொல்கிறேன்.

அக்கா

---

ஜூலை 5

அக்காவுக்கு,

நல்லா இருக்கிறது. முதலில் என்னிடம் கேள்வி, என் பதில் வந்ததும் அரசாங்கத்துக்குப் புகார். கூடப் பிறந்தவனிடம் ஒரு வாரம் பொறுத்திருக்க முடியவில்லை உனக்கு.

இங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா? சட்டப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள். "புகார் குடுத்த டாக்டர் உங்க சொந்த அக்காவாமே? வீட்டுச் சண்டையை ஏன் சார் எங்க தலைல கட்டறீங்க?" நேற்றுவரை என் பின்னால் டீ கிளாஸோடு ஓடி வந்தவன் இன்று என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறான். நான் பிரிவுத் தலைவனாகி முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை.

நீ எப்பவும் சரி, நான் எப்பவும் தப்பு. சின்ன வயசிலிருந்து இதே பாட்டுத்தான். நான் படம் வரைந்தால் "படிக்காம கிறுக்கறான்", வரைவதற்குச் சம்பளம் வந்தால் "பொய் வரையறான்". ஊரில் எந்த விளம்பரம் அரிச்சந்திரன் எழுதியது? சோப்பு போட்டால் சிவப்பாகிறவர்கள் யாராவது உண்டா? குழந்தைகளுக்கு இனிப்பு பிடிக்கும், நாங்கள் செய்கிறோம், கடைக்காரன் விற்கிறான், தாய் தன் இஷ்டப்படி வாங்குகிறாள். யார் கழுத்திலும் கத்தி வைக்கவில்லை. நீ சம்பளத்துக்குப் பல் பிடுங்குகிறாய், நான் சம்பளத்துக்கு டப்பா வரைகிறேன். வீட்டுக்கு எடுத்துப்போகாத சாமானை விற்கிறவன் நான் ஒருவன்தானா?

சரி, சண்டை வேண்டாம். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன் உருவத்தைப் பயன்படுத்த நீ முன்பே வாய்மொழியாகச் சம்மதித்தாய் என்று அதில் இருக்கிறது. அடியில் ஒரு கையெழுத்து, போதும். முகத்துக்கு அனுமதி இருக்கிறது என்று ஆகிவிட்டால் மற்றதைச் சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும், எனக்கும் ஒன்றும் வராது. உன்னை வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

நான் உன்னிடம் இதுவரை எதற்கும் இப்படிக் கெஞ்சியதில்லை, அக்கா.

உன் தம்பி

---

ஜூலை 11

தம்பிக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

நீ கெஞ்சினாய் என்பதைப் படித்ததும் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை. பேனாவைக் கொண்டையிலிருந்து எடுத்துக் கையில்கூட வைத்திருந்தேன். அந்த நேரத்தில் வாயாடியின் அம்மா தையல் பிரித்த புண்ணைக் காட்ட வந்து சேர்ந்தாள். ஈறு நன்றாக ஆறியிருக்கிறது. நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்து நின்று, குழந்தைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நான்தான் டாக்டர் என் புள்ள பல்லைக் கெடுத்துட்டேன். மலிவா வேற ஒண்ணு இருந்துச்சு கடைல. புள்ளைக்கு நல்லது குடுப்போம்னு வெலை ஜாஸ்தின்னாலும் இதைத்தான் வாங்கினேன். எனக்குப் புத்தி இல்ல."

அவள் உன்னைத் திட்டவில்லை. உன் நிறுவனத்தைத் திட்டவில்லை. டப்பாவில் சிரிக்கிற என்னைக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னையே திட்டிக்கொண்டாள். யார் கழுத்திலும் கத்தி வைக்கவில்லை என்று எழுதினாயே, கத்தி வைத்தவனிடமிருந்து ஓடவாவது செய்யலாம். நம்பிக்கையை எடுத்துக்கொண்டு பழியை அவள் தலையில் வைத்துவிட்டீர்கள். வீட்டில் தேய்த்துவிடுவதில்லை என்று நீயும் எனக்கு எழுதினாய். அவளும் தப்பு தன்னுடையது என்றே சொல்லிக்கொள்கிறாள். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பார்.

பேனாவை மறுபடி கொண்டையில் குத்திக்கொண்டேன்.

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. அவளும் வருகிறாள். அன்றைய கூலி போகும் என்று சொன்னேன். "போகட்டும்" என்றாள்.

அக்கா

---

ஆகஸ்ட் 2

என் அன்பான அக்காவுக்கு,

முடிந்தது! மூச்சு விடுகிறேன். நீயும் விடு.

நேற்று விசாரணை அறையில் உன்னை எதிர்வரிசையில் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு இல்லாமல் நீ மெலிந்து தெரிந்தாய். அதிகாரி என்னைப் பார்த்து, "உங்க அக்கா சம்மதம் குடுத்தாங்களா?" என்று கேட்டபோது எங்கள் வக்கீல் என் முழங்கையை அழுத்தினார். நான் "இல்ல மேடம், கேக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டேன். நீ கேட்டாய்தானே? வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன்.

அதிசயம் என்னவென்றால் வேலை போகவில்லை. படத்தை எடுத்துவிடுகிறோம் என்று வக்கீல் எழுதிக்கொடுத்ததும் அதிகாரி தலையாட்டினார். எங்கள் மேலாளர் கீழே காரில் காத்திருந்தார். அவரிடம் சேதி சொல்ல நான் பின்படி வழியாக ஓடிப்போனேன், அதனால்தான் உன்னிடம் பேச முடியவில்லை. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "முகம்தானே, வேற போட்டுக்கலாம்" என்றார். இன்று காலையிலேயே புதுசு வரைந்துவிட்டேன். கையில் வாளோடு ஒரு குட்டிப் பல், தோளில் துண்டு பறக்கிறது. எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. மற்றதெல்லாம் பழையபடியே.

உன் முகம் இனி எங்கும் இருக்காது. நீ கேட்டது கிடைத்துவிட்டது. நமக்குள் இனி என்ன இருக்கிறது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. சிட்டு தீப்பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். உனக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் போடச் சொல்கிறேன்.

உன் தம்பி

---

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

நீ அங்கே உண்மையைச் சொன்னாய். வக்கீல் முழங்கையை அழுத்தியதை நானும் பார்த்தேன். அப்படியும் சொன்னாய். அந்த ஒரு நிமிஷம் என் தம்பியை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் நான் கேட்டது கிடைத்துவிட்டது என்கிறாயே, நான் என்ன கேட்டேன் என்று இத்தனை கடிதத்துக்குப் பிறகும் உனக்குத் தெரியவில்லையா? இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? என் முகத்துக்காகவா உன்னோடு சண்டை போட்டேன்?

நீ பின்படியில் இறங்கிப் போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. உன் வக்கீல் சொல்லியிருக்கமாட்டார். நான் சொல்கிறேன்.

அதிகாரி கோப்பை மூடிவிட்டார். புகாரில் முதல் வரி என் படத்தைப் பற்றியது, அது தீர்ந்தது, மற்றது பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு என்றால் என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கத்தினேன். உட்காருங்கள் டாக்டர் என்றார்கள். வெளியே வந்தேன். தாழ்வாரத்து பெஞ்சில் வாயாடியும் அவள் அம்மாவும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிடவே இல்லை. வாசலில் நிற்கிற ஆள், "உங்க பேரு இதுல இல்லம்மா" என்று ஒவ்வொரு தடவையும் உட்கார வைத்திருக்கிறான்.

"என்ன சொன்னாங்க டாக்டர்?"

"என் படத்தை எடுத்துடுவாங்களாம்."

அவளுக்குப் புரியவில்லை. இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப என் புள்ள பல்லு?"

அவள் எழுந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசல் ஆள் கையை நீட்டினான், அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அதிகாரியின் மேசையில், மூடிய கோப்பின் மேலேயே, குழந்தையை உட்கார வைத்தாள்.

"காட்டு கண்ணு."

வாயாடி வாயைத் திறந்தாள். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை, பழகிவிட்டது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

உன் வக்கீல், தாள்களை அடுக்கிக்கொண்டே, "வீட்ல சரியா பிரஷ் பண்ணியிருக்க மாட்டாங்க மேடம்" என்றார்.

"பண்ணேன் சார்" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டு வேளையும் பண்ணிவிட்டேன். உங்க டப்பா பின்னாடி படம் போட்டிருந்துச்சே, அதே மாதிரி. வட்டம் வட்டமா."

உன் வக்கீல் தாள்களை அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

அதிகாரி குழந்தையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்தார். கோப்பைத் திறந்தார். படம் மட்டுமல்ல, 'பல்லுக்குப் பலம்' என்ற வாசகம், அந்தப் பொட்டலம், சர்க்கரை எல்லாவற்றையும் விசாரிக்கப்போவதாக எழுதி, எங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். அதனால் முடிந்தது என்று மூச்சு விடாதே. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. குட்டிப் பல்லின் வாளை உறையில் போடச் சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மேல் உனக்கு இருக்கிற மிச்ச அன்பும் இதோடு போனாலும் போகலாம். விளம்பரத்தை எழுதியவன் என்று உன்னை மறுபடி கூப்பிடுவார்கள். யாரை என்ன கேட்க வேண்டும் என்று அதிகாரி என்னை எழுதித் தரச் சொல்லியிருந்தார். உன்னிடம் கேட்க ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "உங்கள் வீட்டில், உங்கள் குழந்தைக்கு, இதைக் கொடுக்கிறீர்களா?"

வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோனேன் என்பாய். ஆமாம், கொண்டுபோனேன். நீ அக்கா என்று நம்பி எழுதியதைத்தான் கொண்டுபோனேன். என்னை நம்பி இன்னொருத்தி தன் குழந்தைக்கு ஊட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். சிட்டுவிடம், அத்தைக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல். கோபம் என்று சொல்லிவிடாதே. அவள் மேல் எனக்கு என்ன கோபம்?

அக்கா

---

ஆகஸ்ட் 24

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்களது 9ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. மேற்படி விசாரணை நிலுவையில் இருப்பதால், அது முடியும்வரை தங்களுடன் நேரிலோ, தொலைபேசியிலோ, கடிதம் மூலமாகவோ எவ்விதத் தனிப்பட்ட தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம் என எங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவு அறிவுறுத்தியுள்ளது. ஆகவே, இதுவே இப்பொருள் குறித்த எனது கடைசிக் கடிதம் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைவர், விளம்பரப் பிரிவு

அக்கா, மேலே இருப்பது அவர்கள் டைப் அடித்துக் கொடுத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே நான் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது.

உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என் மனைவி என்னோடு சரியாகப் பேசி இரண்டு வாரம் ஆகிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். "அந்தக் கேள்வியை உங்க அக்கா கேக்கற வரைக்கும் நான் ஏன் கேக்கல?" என்று மட்டும் சொன்னாள், அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தக் குழந்தைக்குப் புதுப் பல் எப்போது முளைக்கும்?

---

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பினால் உனக்குத் தொல்லை. அதனால் வீட்டுக்கு, உன் மனைவி பெயருக்கு அனுப்புகிறேன்.

ஏழு வயதாவது ஆகும். அதுவரை முன்பக்கம் வெறும் ஈறுதான். இப்போது அவள் பேசினால் பாதி காற்றாக வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்கிறார்களாம். போன வாரம் வந்தபோது என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விளக்கு ஏன் பார்க்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதைக் கேட்க உனக்கு இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது. ஆனாலும் கேட்டாய்.

விசாரணைக்கு வா. அவளும் வருவாள், இந்தத் தடவை அவர்கள் பெயர் இருக்கிறது, முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அதிகாரி கேள்வி கேட்கும்போது என்னைப் பார்க்காதே. உன் வக்கீலையும் பார்க்காதே. அந்தக் குழந்தையைப் பார்த்துப் பதில் சொல்.

அக்கா